அக்கா வாயில் வராத பெயர்

1

ஆடி பிறந்த வாரத்தில் எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. பினாங்கில் குழாய் நின்றதெல்லாம் ஒரு செய்தியா என்று நீங்கள் கேட்கலாம். எனக்குச் செய்திதான். இந்த வீட்டுக்குக் குடிவந்த பிறகு ஒரு நாள்கூட அது நின்றதில்லை. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் மகள் மீனா வாளியைத் தட்டிக்கொண்டு, "அப்பா, ஆயர் தாக் அடா!" என்று கத்தினாள். தண்ணீர் இல்லை என்பதை மலாய் மொழியில் சொல்கிறாள். பதினொரு வயதாகிறது. தண்ணீர் என்ற சொல் அவளுக்குத் தெரியாமல் இல்லை, அவசரத்தில் அது வருவதில்லை. இதைப் பற்றி நான் கவலைப்பட ஆரம்பித்தால் வேறு கவலைகளுக்கு நேரம் போதாது என்பதால் ஒத்திப்போட்டிருக்கிறேன்.

ஆபீசுக்குப் போகிற வழியில் நகரசபைக் கட்டடத்தில் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன். எழுதிக் கொடுத்த நிமிஷத்திலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. யாரைப் பார்த்திருக்க வேண்டும், யாரிடம் சொல்லி விட்டிருக்க வேண்டும், இந்தத் தெருவில் நகரசபையில் செல்வாக்கானவர் யார் என்று கணக்குப் போட்டுக்கொண்டே கம்பெனிக் கடிதங்களைத் தப்பும் தவறுமாக நகல் எடுத்தேன். மறுநாள் காலை ஒருவர் பையோடு வந்து நின்றார். நாகப்பட்டினத்துக்காரர். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காப்பி போடச் சொன்னேன். வெற்றிலைத் தட்டை எடுத்து வைத்தேன்.

"யார் சொல்லி வந்தீங்க?" என்று கேட்டேன்.

"யாரும் சொல்லலீங்க. சீட்டு வந்துச்சு, வந்தேன்."

"நான் யாருன்னு தெரியுமா?"

"வீட்டு நம்பர் தெரியும்" என்றார் அவர், குழாயின் கழுத்தைத் திருகிக்கொண்டே. காப்பியைக் குடித்தார். வெற்றிலை வேண்டாம் என்றார். பத்து நிமிஷத்தில் தண்ணீர் வந்துவிட்டது.

அவர் போன பிறகு என் மனைவி கோமதி சிரிப்பை அடக்க முடியாமல், "ஓட்டு வாங்க வந்தவுகளுக்குச் செய்யுதாப்ல உபசாரம் செஞ்சியளே, அந்த மனுசர் பயந்துட்டார்" என்றாள். நானும் சிரித்தேன். அன்று மத்தியானம்தான் நாகப்பட்டினம் கப்பலில் வந்த தபாலில் அக்காவின் கடிதம் வந்தது.

இங்கே எல்லாம் சொர்க்கம் என்று எழுத எனக்கு மனமில்லை. குழாயைப் பழுது பார்த்துவிட்டுப் போனதால் இந்த ஊரைத் தலையில் வைத்துக் கொண்டாட வேண்டியதும் இல்லை. எனக்கு இங்கே ஓட்டு கிடையாது. என்னைப் போன்றவர்கள் யாருக்கும் கிடையாது. வீட்டு வரி கட்டுகிறேன், அதனால் ஆள் வருகிறது. ரப்பர் தோட்டத்து லயங்களில், அந்த வரிசைக் குடிசைகளில், நம் ஜனங்கள் ஓடைத் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிப்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு எந்தச் சீட்டும் இல்லை, சீட்டைக் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு ஜன்னலும் இல்லை.

2

எங்கள் ஊர் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையில் இருக்கிறது. பெயரை எழுதப் போவதில்லை. இந்தப் பத்திரிகை அங்கேயும் வருகிறது. யாராவது படித்துவிட்டு நேரே பஞ்சாயத்துப் போர்டு ஆபீசுக்குப் போய் வாசித்துக் காட்டுவார்கள். ஆயிரம் மைலுக்கு அப்பால் உட்கார்ந்துகொண்டு நான் எழுதுவதற்கு அக்கா அல்லவா பதில் சொல்ல வேண்டும்.

அக்காவின் பெயர் உலகம்மாள். அத்தான் இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. வீடு அவள் பெயரில். வீட்டு வரி அவள் பெயரில் இருப்பதால் அவளுக்கு ஓட்டும் உண்டு. தெருக் கடைசியில் வீடு, வீட்டை ஒட்டிப் பொதுக் கிணறு. பதினொரு குடும்பத்துக்கு அந்தத் தண்ணீர்தான். அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவள் சொல்லச் சொல்ல அவள் மகள் செண்பகம் எழுதுவாள், அதனால் கடிதத்தைப் பிரித்தால் அக்காவின் குரலே கேட்கும்.

"தம்பிக்கு அக்கா ஆசீர்வாதம். சாரல் நல்லா விழுது. செண்பகம் பேறுகாலத்துக்கு வந்திருக்கா, எட்டாம் மாசம். இந்த வருசம் அருவிக்குக் குளிக்க வந்த கூட்டத்தோட வாந்திபேதியும் வந்துட்டு. மேலத் தெருவுல ரெண்டு வீட்டுல ஆள் போயிட்டு. மத்த தெருக் கெணத்துக்கெல்லாம் போர்டுல இருந்து மருந்து போட்டாச்சு. நம்ம கெணத்துக்கு மட்டும் வரல்ல. பியூன் தெரு முக்கு வரைக்கும் வாரான், திரும்பிப் போயிருதான். நான் காய்ச்சித்தான் குடுக்கேன். ஆனா வயித்துப்புள்ளக்காரி எந்நேரமும் என் கையில வாங்கியா குடிக்கா? ஓட்டு வேற வருது. அந்த மனுசருக்கு நீ ரெண்டு வரி எழுதிப் போடு. நீ எழுதினா மருந்து வரும்னு ஆள் சொல்லி விட்டிருக்காவ. சொணங்காத."

வாந்திபேதி என்ற சொல்லைச் செண்பகம் மற்ற சொற்களைப் போலவே எழுதியிருந்தாள். உறையைத் திருப்பித் தபால் முத்திரையைப் பார்த்தேன். கடிதம் வந்து சேர்ந்ததே பன்னிரண்டு நாள் கழித்து. அந்தப் பன்னிரண்டு நாளில் அந்தக் கிணற்றில் எத்தனை வாளி இறங்கி ஏறியிருக்கும்!

3

ஒரு கிணற்றுக்கு மருந்து போடுவதற்கும் பினாங்கில் இருக்கிற ஒரு குமாஸ்தாவின் கடிதத்துக்கும் என்ன சம்பந்தம்? ஐந்து வருஷத்துக்கு முன்னால் நான் லீவில் ஊருக்குப் போனபோது செய்த காரியம் அது.

நான் போய் இறங்கிய சமயம் போர்டுத் தேர்தல் நெருங்கியிருந்தது. எங்கள் வார்டில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் அப்போது பிரசிடெண்டாக இருந்த குற்றாலிங்கம் அண்ணாச்சி. மற்றவர் ஜவுளிக்கடை முத்தையா. குற்றாலிங்கம் என்ற பெயரைச் சொன்னதால் ஆளைக் காட்டிக் கொடுத்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நாலு குற்றாலிங்கம் உண்டு.

அண்ணாச்சி கெட்டவர் இல்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். எங்கள் தெருக் கடைசிக்கு விளக்குக் கம்பம் கொண்டுவந்தது அவர். சிற்றாற்றில் வெள்ளம் வந்த வருஷம் கிணற்றுச் சுவர் சரிந்தபோது கொத்தனை அழைத்து வந்து பக்கத்தில் நின்று கட்டவைத்ததும் அவர். அத்தான் இறந்தபோது வீட்டு வரியை அக்கா பெயருக்கு மாற்ற ஆபீசில் இரண்டு வருஷம் அலையவைத்தார்கள். கடைசியில் அண்ணாச்சி ஒரு வார்த்தை சொன்ன பிறகுதான் மாறியது. எங்கள் ஊரில் போர்டு என்றால் கட்டடம் இல்லை. அண்ணாச்சிதான் போர்டு. விளக்கு எரிந்தால் அண்ணாச்சி எரியவைத்தார் என்போம். அணைந்தால் அண்ணாச்சி மனசில் என்னவோ என்போம். வரி கட்டுகிறோம், அதனால் எரிகிறது என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

ஓட்டுக் கேட்க வருகிறவர் தட்டில் வெற்றிலை பாக்கு கொண்டுவருவார். எடுத்துக்கொண்டால் அந்த வீட்டு ஓட்டு அவருக்கு. எழுத்து இல்லை, சத்தியம் இல்லை. வெற்றிலை வாங்கியபின் மாறினால் அந்த வீட்டார் சொன்ன சொல் தவறியவர்கள் என்று ஆகிவிடும். அதனால் பலர் வேலையிருப்பதாகச் சொல்லிக்கொண்டு வயலுக்குப் போய்விடுவார்கள்.

அண்ணாச்சி வந்த அன்று நான் வாசலில் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றேன். தென்காசிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். "பினாங்குத் தம்பி! நல்லாருக்கியளா?" என்று வாய் நிறையக் கூப்பிட்டார். கூட எட்டுப் பேர். அத்தனை பேர் முன்னால் அவர் என்னை மதித்துப் பேசியதில் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அக்கா அடுப்படியில் இருந்தாள். கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஓட்டு அவளுடையது. நான் கேட்கவில்லை. தட்டில் கைவைத்து எடுத்துக்கொண்டேன்.

அவர்கள் தெருவைத் தாண்டியதும் அக்கா வெளியே வந்தாள்.

"ஏலே, வெத்தலய வாங்கிட்டியே! அங்கன போயி நான் எப்படிலே சொல்லுவேன்?"

"என்னத்தச் சொல்லணும்? பேரைச் சொன்னாப் போதும்."

அக்கா என்னைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை. "ஒனக்கு மறந்துட்டா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

தென்காசிக்குப் பாதி வழியில் வண்டியில் வைத்துத்தான் எனக்கு உறைத்தது. அத்தான் பெயரும் குற்றாலிங்கம்.

கல்யாணமான நாளிலிருந்து அக்கா அந்தப் பெயரைச் சொன்னதில்லை. நம் பெண்களில் யார்தான் புருஷன் பெயரைச் சொல்கிறார்கள்? ஆனால் அக்கா அதோடு விடவில்லை. அந்தப் பெயரின் ஓசை வருகிறது என்று குற்றாலத்தையே சொல்ல மாட்டாள். அருவி என்பாள், அருவிக்கரை என்பாள். அத்தான் போன பிறகு அந்தக் கட்டு இன்னும் இறுகிப்போனது. எனக்கு நினைவு தெரிந்த நாளாகக் கேட்ட விஷயம் இது. பதினைந்து வருஷம் கடல் தாண்டி இருந்ததில் எனக்கு அது மறந்துபோயிருந்தது. மகள் தண்ணீரை மலாயில் கேட்கிறாள் என்று வருத்தப்படுகிற மனுஷன் நான்!

திரும்பி வந்து, "அக்கா, ஆபீசர் புரிஞ்சுக்கிடுவார். கவலைப்படாதே" என்று தைரியம் சொன்னேன். வெற்றிலையைத் திருப்பிக் கொடுப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. அது வாங்கிவிட்டு மாறுவதைவிடப் பெரிய வம்பு.

4

இப்போது நிற்கிறவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கலர்ப் பெட்டி வைக்கிறார்களாம், சீட்டை அதில் போட்டால் போதுமாம். அப்போது அப்படி இல்லை. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் சீட்டில் தாங்களே குறி போடலாம். தெரியாதவர்கள் ஆபீசரிடம் வாயால் பெயரைச் சொல்ல வேண்டும், அவர் குறித்துக்கொள்வார். பக்கத்தில் இரண்டு கட்சி ஏஜெண்டுகளும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இரகசியம் என்று ரூல் சொன்னதாம். எங்கள் ஊரில் அது பள்ளிக்கூடத்து ஒற்றை அறையில் நடந்தது, ஜன்னலுக்குக் கதவு கிடையாது. நான் வெளியே ஜன்னலோரம் நின்றேன்.

ஆபீசர் வெளியூர்க்காரர். கையில் ஒரு ரூல் புத்தகம். அதை வியர்வை படாமல் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தார்.

"யாருக்கு ஓட்டு?" என்று கேட்டார்.

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "எங்க வீட்டுக்காரவுக பேரு உள்ளவுகளுக்கு."

"அப்படிச் சொல்லக் கூடாதும்மா. நிற்கிறவர் பேரைச் சொல்லணும்."

"அருவிச் சாமி பேரு."

முத்தையா கட்சி ஏஜெண்டு சும்மா இருப்பானா? "அருவிக்கரையில எத்தனையோ சாமி இருக்கு ஐயா. பேரைச் சொல்லட்டும்" என்றான். வரிசையில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அண்ணாச்சி கட்சி ஏஜெண்டு எழுந்தே விட்டான். "லிஸ்டுல புருசன் பேரு போட்டிருக்கும்லா? பாருங்க ஐயா! எங்க ஆளுக்குத்தான் சொல்லுதாவ!"

ஆபீசர் லிஸ்டைப் பார்த்தார். அந்தப் பெயர் அதில் இருந்தது, அவர் அதைப் படித்தார், அவருக்குப் புரிந்தும் விட்டது. இதையெல்லாம் நான் ஜன்னல் வழியாக அவர் முகத்தில் பார்த்தேன். "எனக்குப் புரிஞ்சது கணக்கில்லை. ஓட்டர் வாயால சொல்லணும். ரூல் அப்படி" என்றார்.

அக்காவுக்கு வியர்த்துவிட்டது. யோசித்து யோசித்து, "ரெண்டு பேருதான நிக்காவ? முத்தையா இல்லாத மத்தவரு" என்றாள்.

"இல்லாதவருக்கு ஓட்டுப் போட முடியாதும்மா. சொல்ல முடியலைன்னா போங்க. ஓட்டுப் போடலைன்னு குறிச்சுக்கிறேன்."

அந்தக் 'குறிச்சுக்கிறேன்' தான் அக்காவைக் கலக்கியது. வீட்டு வரியைத் தன் பெயருக்கு மாற்ற இரண்டு வருஷம் ஆபீஸ் படி ஏறி இறங்கியவள் அவள். சர்க்கார் காகிதத்தில் தன் பெயருக்கு எதிரே ஒரு குறி விழுந்தால் வீடே கையைவிட்டுப் போய்விடும் என்று நினைத்தாள். அப்படி இல்லை என்று ஜன்னலுக்குள் தலையை விட்டுச் சொல்லியிருக்கலாம். வெளியில் நிற்கிறவர் பேசினால் போலீஸில் ஒப்படைப்பேன் என்று ஆபீசர் காலையிலேயே சொல்லியிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

"முத்தையாவுக்கே போட்டுக்கிடுங்க" என்றாள் அக்கா.

யாரும் சிரிக்கவில்லை. ஆபீசர் குறித்துக்கொண்டார். அக்கா வெளியே வந்து, என்னைக் கடந்து, நேரே வீட்டைப் பார்த்து நடந்தாள்.

5

கொஞ்ச ஓட்டு வித்தியாசத்தில் அண்ணாச்சியே ஜெயித்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மறுநாளே அவர் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். முடிக்கவிடாமல் கையைக் காட்டினார்.

"தெரியும், தம்பி. நம்ம ஏஜெண்டு அப்பமே வந்து சொல்லிட்டான். உலகம்மா மனசுல கள்ளம் இல்லன்னு எனக்குத் தெரியும்."

"அப்புறம் என்ன அண்ணாச்சி?"

"எனக்குத் தெரிஞ்சு என்ன செய்ய? ஊருக்குத் தெரிஞ்சது என்ன? வெத்தல வாங்குன வீடு மத்தவன் பேரச் சொல்லிச்சு. அத நான் சிரிச்சிக்கிட்டு விட்டுட்டேன்னு வைங்க, அடுத்த தேர்தல்ல ஒவ்வொரு வீட்டுக்காரனும் ஒரு காரணம் கொண்டாருவான். பொறவு நான் யாரை நம்பி வெளக்கு வைக்க, யாரை நம்பி ரோடு போட?" துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "வெத்தல வாங்குனது நீங்க. என் தப்புன்னு ரெண்டு வரி எழுதிக் கொடுங்க, கூட்டத்துல வாசிச்சுட்டு விட்டிருதேன். இல்ல, உலகம்மா வந்து இந்த நடையில நின்னு என் பேரச் சொல்லிட்டுப் போவட்டும்."

அவர் வீட்டு முற்றத்தில் அப்போதும் ஆட்கள் இருந்தார்கள். எல்லோரும் என் கோட்டைப் பார்த்தார்கள். பினாங்கில் நாலு பேர் மதிக்கிற ஆள், அதிலும் இங்கிலீஷில் கடிதம் எழுதிப் பிழைக்கிறவன், ஒரு போர்டு பிரசிடெண்டுக்குத் தப்பு எழுதிக் கொடுப்பதா? "யோசிச்சுச் சொல்லுதேன் அண்ணாச்சி" என்று எழுந்து வந்தேன். அந்த வாரமே நாகப்பட்டினத்துக்கு ரயில் ஏறிவிட்டேன்.

அதன் பிறகு அண்ணாச்சி சட்டத்துக்கு விரோதமாக ஒன்றும் செய்யவில்லை. ஒன்றுமே செய்யவில்லை, அவ்வளவுதான். விளக்குக்கு எண்ணெய் ஊற்றுகிறவன் அக்கா வீட்டுக்கு முந்தின கம்பத்தோடு திரும்பிவிடுவான். சாக்கடை வாருகிறவர்களுக்கு அந்த வளைவில் நேரம் முடிந்துவிடும். கிணற்றில் கயிறு ஓடும் சகடை உடைந்தது, யாரும் வரவில்லை. மற்ற பத்துக் குடும்பமும் முதலில் அக்காவுக்காகப் பரிந்து பேசினார்கள். இரண்டாம் வருஷத்திலிருந்து, "ஒன்னாலதான உலகம்மா எங்களுக்கும் இந்த இருட்டு" என்று பேச ஆரம்பித்தார்கள். அக்கா கடிதத்தில் இதை ஒரு வரியில் எழுதிவிட்டு, "வெளக்கு இல்லாட்டி என்ன, என் வீட்டுக்கு எனக்கு வழி தெரியும்" என்று முடித்திருந்தாள். ஒரு தடவைகூட என்னைக் குறை சொல்லவில்லை. குறை சொல்லியிருந்தால் பதிலுக்கு நான் ஏதாவது வாதாடியிருப்பேன்.

விளக்கு விஷயமாக நான் மேலதிகாரிக்கு ஒரு மனு அனுப்பினேன். மூன்று தாள், இங்கிலீஷ். டைப் அடித்தபின் நானே நாலு தடவை படித்துப் பெருமைப்பட்டுக்கொண்டேன். ஆறு மாதம் கழித்து ஒரு துண்டுக் காகிதம் பதிலாக வந்தது. மனு, தக்க நடவடிக்கைக்காக ஸ்தல போர்டுப் பிரசிடெண்டுக்கு அனுப்பப்பட்டிருக்கிறது. அண்ணாச்சி அதை ஆபீசில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினாராம். இங்கிலீஷ் நன்றாயிருக்கிறது என்றாராம்.

6

வாந்திபேதிக் கடிதம் வந்த அன்று கோமதி அதை இரண்டு தடவை படித்தாள்.

"இன்னிக்கே எழுதிருங்க."

"எழுதுகிறேன்."

"மனு இல்ல. அவுக கேட்ட ரெண்டு வரி."

எழுதத்தான் உட்கார்ந்தேன். 'மகாராஜராஜஸ்ரீ பிரசிடெண்டு அண்ணாச்சி அவர்களுக்கு' வரைக்கும் வந்தது. பிறகு, இது அநியாயம் அல்லவா என்று தோன்றியது. மருந்து அவர் வீட்டுச் சொத்தா? அக்கா வரி கட்டவில்லையா? இன்று நான் எழுதிக் கொடுத்தால் நாளை ஒவ்வொரு பெண்ணும் தன் கிணற்றுக்காக அவர் நடையில் நிற்க வேண்டிவராதா? எல்லாம் சரியான நியாயம்தான். அந்த நியாயத்தில் எனக்கு ஒரு சௌகரியமும் இருந்தது. அந்தக் காகிதத்தை மடித்து வைத்துவிட்டு, ஜில்லாச் சுகாதார அதிகாரிக்கு அவசரம் என்று சிவப்பு மையில் போட்டு இங்கிலீஷில் ஒரு மனு எழுதினேன். தபாலில் சேர்த்துவிட்டு, இதுவும் அண்ணாச்சியின் மேஜைக்கே போய்ச் சேர்ந்தால் என்ன செய்வது என்று நினைத்தேன். அடுத்த கப்பலில் அந்த இரண்டு வரியையும் அனுப்பிவிடலாம் என்று சமாதானம் செய்துகொண்டேன். அடுத்த கப்பலும் போனது.

அதன் பிறகு இந்த வீட்டில் நான் ஒரு வாய் தண்ணீர் நிம்மதியாகக் குடிக்கவில்லை. குழாயைத் திறந்தால் செண்பகம் ஞாபகம். வாசலில் சைக்கிள் மணி அடித்தால் தந்திச் சேவகனோ என்று திடுக்கிடும். ஒரு தடவை பக்கத்து வீட்டுச் சீனனுக்கு வந்த தந்தியை வாங்கப் போய் வாசற்படி தடுக்கி விழுந்தேன். ஐரோப்பாவில் சண்டை வரப்போகிறது, கப்பல்கள் நின்றுவிடும் என்று ஆபீசில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அதில் கேட்டதெல்லாம் தபால் நின்றுவிடும் என்பதுதான்.

ஒரு நாள் சாப்பாட்டின்போது மீனா கேட்டாள், "அப்பா, அத்தை அந்தப் பேரைச் சொன்னா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது" என்றேன்.

"அப்போ சொல்ல வேண்டியதுதானே?"

கோமதி என்னைப் பார்த்தாள். நான் சோற்றைப் பார்த்தேன். மகளுக்கு அதை விளக்க எனக்குத் தெரியவில்லை, தமிழிலும் தெரியவில்லை.

7

புரட்டாசி முதல் வாரத்தில் கடிதம் வந்தது. கவரைப் பிரிக்கக் கை வராமல் கோமதியிடம் கொடுத்தேன். முதல் வரியைப் பார்த்துவிட்டு, "எல்லாரும் நல்லாருக்காவ" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள்.

"தம்பிக்கு அக்கா ஆசீர்வாதம். கெணத்துக்கு மருந்து போட்டாச்சு. நீ கவலப்படாண்டாம். ஒன் கடுதாசி வரல்ல, அதனால நானே போயிட்டு வந்தேன். செண்பகம் சொகமா இருக்கா. இந்தத் தடவ கலர்ப் பெட்டி வச்சிருக்காம், வாயத் தொறக்க வேண்டாமாம். யாருக்குப் போடுவேன்னு அவுகளும் கேக்கல்ல, நானும் சொல்லல்ல. ஒனக்கும் சொல்ல மாட்டேன். மீனாவுக்குத் தலைக்கு எண்ண தேச்சு விடச் சொல்லு."

நான் சத்தமாகவே சிரித்தேன். இரண்டு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கியது போலிருந்தது. தாளின் பின்பக்கத்தை அப்புறம்தான் பார்த்தேன். அதே கையெழுத்து, கொஞ்சம் நெருக்கி எழுதியிருந்தது.

"மாமா, இது அம்மா சொல்லி எழுதுனது இல்ல. அம்மா கோவிலுக்குப் போயிருக்கா. அன்னைக்கு நானும் கூடப் போனேன், வேண்டாம்னு சொல்லியும் கேக்காம. அவுக முத்தத்துல பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தாவ. அம்மா நடையில ஏறல்ல, கீழயே நின்னா. ரொம்ப நேரம் நின்னா. பொறவு, 'குத்தாலிங்கம் அண்ணாச்சி, எங்க கெணத்துக்கு மருந்து போடச் சொல்லுங்க'ன்னா. அவ்வளவுதான். அவுக எந்திரிச்சே நின்னுட்டாவ. 'உள்ள வா தாயி'ன்னு கூப்பிட்டாவ. அம்மா திரும்பி நடந்துட்டா. நாங்க வீடு வந்து சேருமுன்ன பியூன் சைக்கிள்ல வந்து நிக்கான். மருந்து போட்டதும் தண்ணியெல்லாம் கத்திரிப்பூக் கலர் ஆயிட்டு. நாளைக் காலைல வரைக்கும் குடிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனான். அவன் போனதும் அம்மா ஒரு வாளி கோரித் தலையில ஊத்திக்கிட்டா. பொறவு இன்னொண்ணு. எழவு வீட்டுக்குப் போயிட்டு வந்தா ஊத்துவாள்லா, அப்படி. ஏம்மான்னு நான் கேக்கல்ல."

மீனாவுக்கு எண்ணெய் தேய்க்க வேண்டும் என்று கோமதியிடம் சொல்லிவிட்டு, கடிதத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். செண்பகத்துக்கு இதற்குள் குழந்தை பிறந்திருக்கும். அந்தச் செய்தி எந்தக் கப்பலில் வருகிறதோ, இன்னும் வந்து சேரவில்லை.

அக்காவுக்குப் பதில் எழுத உட்கார்ந்து மூன்று நாள் ஆகிறது. சௌக்கியம் விசாரித்ததற்கு மேல் பேனா நகரவில்லை. மேலதிகாரிக்கு இங்கிலீஷில் மூன்று தாள் மனு எழுத எனக்கு முடிந்தது. வெற்றிலை வாங்கியது நான், தப்பு என்னுடையது என்று தமிழில் இரண்டு வரி எழுத எனக்கு ஐந்து வருஷமாக முடியவில்லை. அதை நான் எழுதியிருந்தால் அக்கா அந்த முற்றத்தில் போய் நின்றிருக்க வேண்டாம்.